ஏனுங்க, இது உங்க வண்டிங்களா?

கோபிசெட்டிபாளையத்தில் அந்த வருஷம் மோட்டார் சைக்கிள்கள் பேச ஆரம்பித்தன. எல்லாம் ஒரே குரலில் ஒரே கேள்வியைத்தான் கேட்டன. சந்தையிலோ கல்யாண மண்டப வாசலிலோ யாராவது ஒரு வண்டியில் ஏறிச் சாவியைத் திருப்பினால், டேங்குக்கு அடியிலிருந்து ஒரு பெண் குரல் மரியாதையாக விசாரிக்கும்: "ஏனுங்க, இது உங்க வண்டிங்களா?"

அந்தக் குரல் பூங்கோதையுடையது. கோவையில் எலெக்ட்ரானிக்ஸ் படித்து, பெங்களூரில் கொஞ்ச காலம் வேலை பார்த்து, அங்கே மேலதிகாரியோடு ஒத்துப்போகாமல் ஊருக்குத் திரும்பி, சத்தி ரோட்டில் வண்டிகளுக்கு ஒயரிங் செய்யும் கடை வைத்தவள். பேச்சில் தேன் ஒழுகும். கோபம் வந்தால் ஸ்குரூ டிரைவரைக் காதில் செருகிக்கொண்டு பேசாமல் நிற்பாள். அப்போது யாரும் பக்கத்தில் போகக்கூடாது என்பது தெருவுக்குத் தெரியும்.

அவளுடைய சொந்த வண்டியே ஒருநாள் காய்கறிச் சந்தை முன்னால் பட்டப்பகலில் களவு போனது. அதில் அருமையான அலாரம் இருந்தது. அலறவும் செய்தது. ஊரே காதைப் பொத்திக்கொண்டு, "யாராவது அதை நிறுத்துங்கப்பா" என்று சலித்துக்கொண்டதே தவிர ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. திருடன் கூட்டத்தைப் பார்த்து மன்னிப்புக் கேட்பதுபோல் தலையாட்டிவிட்டு ஓட்டிக்கொண்டு போனானாம். அலறி ஒன்றும் ஆகப்போவதில்லை, கேட்க வேண்டியதைக் கேட்க வேண்டிய ஆளிடமே கேட்டுவிட வேண்டும் என்று அன்றைக்கு முடிவு செய்தாள்.

அப்போது எல்லார் மணிக்கட்டிலும் படபடப்பை அளக்கும் பட்டைகள் வந்துவிட்ட காலம். அதற்குள் உளுந்து அளவில் ஒரு நாடிச்சில்லு இருக்கும். தோலுக்கடியில் ஓடும் ரத்தத்தையும் வியர்வையையும் வைத்து, உடம்பு நிம்மதியாக இருக்கிறதா தடுமாறுகிறதா என்று சொல்லிவிடும். பழுதான பட்டைகளிலிருந்து அந்தச் சில்லுகளை எடுத்து வண்டியின் கைப்பிடி ரப்பருக்குள் பதித்தாள் பூங்கோதை. ஆரம்பத்தில் செய்த பெட்டிகள் பேட்டரியைக் குடித்துத் தீர்த்தன. எர்த் ஒயரை மாற்றியதும் சரியாகிவிட்டது.

நார் மில் நாச்சிமுத்து தன் மருமகனோடு கடைக்கு வந்தபோது, அந்தப் பெட்டிக்கு ஊரில் நல்ல பெயர் வந்திருந்தது. புத்தம் புது வண்டி, ஹேண்டில் பாரில் இன்னும் குங்குமம் காயவில்லை. நாச்சிமுத்துதான் ஓட்டி வந்தார். மருமகன் சபரிநாதன் பின்னால் உட்கார்ந்திருந்தான்.

"அம்மணி, இதுல உன்ற பொட்டிய மாட்டு. மாப்பிள்ளைக்குக் குடுத்த வண்டி. காணாம போச்சுன்னா கவுரவக் கொறச்சல் எனக்கு."

பூங்கோதை சீட்டைக் கழற்றினாள், டேங்கைத் தூக்கினாள். ஒயர்க் கட்டைப் பிரித்து ஒன்றை மட்டும் விரலில் சுற்றி வெளியே இழுத்தாள். "இந்த ஒயரு வழியாத்தானுங்க மாமா பிளக்குக்கு நெருப்புப் போகுது. இதை நடுவுல வெட்டி ஒரு ரிலே வச்சர்றேன். ரிலேன்னா ஒரு குட்டிக் கதவு. பொட்டி உத்தரவு குடுத்தாத்தான் தொறக்கும்."

"ஓடிட்டு இருக்கறப்பக் கதவு சாத்திக்கிச்சுன்னா?" என்று கேட்டான் சபரிநாதன். வந்ததிலிருந்து அவன் வாய் திறந்தது அப்போதுதான்.

"சாத்தாதுங்க தம்பி. ஸ்டார்ட் பண்றப்ப மட்டுந்தான் கேக்கும். நடுரோட்டுல நிறுத்தி வெச்சுக் கேள்வி கேக்கறதுக்கு அது போலீஸுங்களா?"

"உங்க வண்டியான்னு கேட்டா, திருடனும் ஆமான்னுதான சொல்லுவான்?" என்றார் நாச்சிமுத்து.

"வாய் சொல்றதை அது கேக்கவே கேக்காதுங்க மாமா. கேள்வி காதுல விழுந்ததும் உள்ளங்கை தானா ஒரு பதில் சொல்லும். அதைத்தான் கேக்கும். என்னுதுன்னு மனசார நெனச்சா கை சும்மா இருக்கும். இல்லீன்னா துளியூண்டு வேர்க்கும், ரத்தம் ஒரு துள்ளு துள்ளும். அவ்வளவு போதும், கதவு தொறக்காது. ஹாரன் மட்டும் அடிக்கும்."

மாட்டி முடித்தாயிற்று. எதிர் பேக்கரியில் பப்ஸ் வாங்கப் போயிருந்த நாச்சிமுத்துவின் மகள் தாரணியும் பொட்டலத்தோடு வந்து சேர்ந்தாள். "உக்காருங்க மாப்பிள்ளை, நல்ல நேரம்" என்றார் மாமனார்.

சபரிநாதன் உட்கார்ந்தான். இரண்டு கைகளாலும் பிடித்தான். சாவியைத் திருப்பினான்.

"ஏனுங்க, இது உங்க வண்டிங்களா?"

"ஆமாங்க" என்றான் சபரிநாதன், பள்ளிக்கூடத்தில் ஆஜர் சொல்வதுபோல.

வண்டி ஒரு கணம் யோசித்தது. பிறகு ஹாரன் அலறியது, நான்கு இண்டிகேட்டர்களும் கண்ணடித்தன. அலறினால் திரும்பிப் பார்க்காத தெரு, கேள்வி கேட்டுவிட்டு அலறினால் திரும்பிப் பார்க்கும். பேக்கரிக்காரர் கரண்டியோடு வெளியே வந்தார். பூங்கோதை அவசரமாக எர்த்தைச் சோதித்தாள். எல்லாம் சரியாகத்தான் இருந்தது.

"எந்திரிங்க, நான் பாக்கறேன்" என்று நாச்சிமுத்து ஏறினார். "ஏனுங்க, இது..." என்று குரல் தொடங்கும்போதே, "பின்ன?" என்றார். என்ஜின் உறுமியது. இறங்கி, "இப்படி உக்காரோணும் மாப்ள" என்று அவன் முதுகைத் தட்டி மறுபடி ஏற்றினார். மறுபடி ஹாரன். தாரணி சிரித்துக்கொண்டே பொட்டலத்தை அப்பாவிடம் கொடுத்துவிட்டுத் தான் ஏறி உட்கார்ந்தாள். கேள்வி முடிந்த மறுகணம் வண்டி கிளம்பியது. கூட்டம் கைதட்டியது. அவளும் சிரித்தாள். புருஷன் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பை நிறுத்திக்கொண்டாள்.

அன்று சாயங்காலத்துக்குள் சபரிநாதனுக்கு ஊரில் ஒரு பெயர் வந்துவிட்டது: ஹாரன் மாப்பிள்ளை.

அவன் ஒருவனுக்கு மட்டும்தான் இப்படி என்றால் பூங்கோதை அதை விட்டிருப்பாள். ஆனால் கதைகள் வந்துகொண்டே இருந்தன. அப்பா விட்டுப்போன வண்டிக்காக இரண்டு அண்ணன் தம்பிகள் சண்டை போட, பஞ்சாயத்தில் அதை நடுவில் நிறுத்தி இருவரையும் ஏற்றிப் பார்த்திருக்கிறார்கள். ஆர்.சி. புத்தகம் வைத்திருந்த அண்ணனுக்கு ஹாரன். அப்பாவைக் கடைசிவரை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போன தம்பிக்கு ஸ்டார்ட். சபையார் வாங்கிக் கொடுத்த வண்டி பாதிரியாருக்குக் கிளம்பவே இல்லை. "ஆண்டவருடையதம்மா, நான் என்ன செய்ய?" என்று வந்து நின்றார். அதே வாரம் ஒரு அதிகாரியின் அலுவலக வண்டிக்குப் பெட்டி மாட்டினாள். அது அவருக்கு முதல் தடவையிலேயே, கேள்வி முடியுமுன்பே கிளம்பியது.

ஒரு மத்தியானம் சபரிநாதன் நடந்தே கடைக்கு வந்தான்.

"ஏனுங்க்கா, அந்தப் பொட்டியக் கழட்டிருங்க."

"கழட்டிடலாமுங்க தம்பி. உங்க மாமனார்ட்ட என்ன சொல்றது?"

அவன் மேஜைமேல் கிடந்த ரிலேயை எடுத்து, அதன் மூடியைத் திறந்து, தேய்ந்த முனையைப் பார்த்து, மறுபடி மூடி வைத்தான். மிஷின் பழக்கமான கை.

"கல்யாணத்துக்கு முன்னால ஓசூர்ல இருந்தனுங்க. ரோபோ வெல்டிங் லைன் பூராவும் என்ற பொறுப்புல இருந்துச்சு. ஒரே பொண்ணு, கண்ணு முன்னால இருக்கோணும்னு மாமா கேட்டாரு. வந்துட்டனுங்க. அவரு நல்லவருங்க்கா. சட்டை எடுத்தா எனக்குத்தான் மொதல்ல எடுப்பாரு. சோத்துல நெய் ஊத்தறதுகூட எனக்குத்தான் மொதல்ல."

"அப்பறம் என்னுங்க?"

"அந்த நெய் யாருதுன்னு கை கேக்குதுங்களே."

பூங்கோதைக்குச் சிரிப்பு வந்தது. அவன் சிரிக்கவில்லை என்று பார்த்து அடக்கிக்கொண்டாள். "கொஞ்சம் பொறுத்துக்குங்க. பொட்டியோட தப்பு. நான் ஏதாச்சும் பண்றேன்" என்று அனுப்பி வைத்தாள். பெட்டியின் மேல் தப்பே இல்லை என்பது அவளுக்குத் தெரிந்திருந்தது. அதுதான் உறுத்தியது.

அந்த உறுத்தல் ஆறுவதற்குள் போலீஸ் ஸ்டேஷனிலிருந்து அழைப்பு வந்தது. எஸ்.ஐ. ரெஜினா வாசலிலேயே நின்றிருந்தார். "வாங்கம்மா. உங்க பொட்டி மாட்டின வண்டிங்களாப் பாத்து ஒருத்தன் எடுத்துட்டுப் போயிருக்கான். ஒயரை வெட்டலை, எதையும் உடைக்கலை. கள்ளச்சாவி போட்டு, ஏறி உட்கார்ந்து, ஓட்டிட்டுப் போயிருக்கான்."

உள்ளே பெஞ்சில் குணசீலன் டீ குடித்துக்கொண்டிருந்தான். வெள்ளைச் சட்டை, படிய வாரிய தலை. பூங்கோதையைப் பார்த்ததும் எழுந்து கும்பிட்டான். "அக்கா, குரல் உங்களுதுங்களா? ரொம்ப மரியாதையான குரலுங்க. வேற அலாரமெல்லாம் ஆளைக் கேவலப்படுத்தும்."

"அது எப்படி உனக்குத் தொறந்துச்சு?" என்றார் ரெஜினா.

"கேட்டுச்சுங்க, ஆமான்னேன்."

நம்பாமல், ரெஜினா தன் சொந்த வண்டியையே முற்றத்தில் நிறுத்தினார். அதிலும் பூங்கோதையின் பெட்டிதான். குணசீலன் ஏறினான். "ஏனுங்க, இது உங்க வண்டிங்களா?" என்றது வண்டி. அவன் கண்ணாடியைத் தனக்கு வாகாகத் திருப்பிக்கொண்டே, "ஆமாங்க" என்றான். வண்டி பூனைக்குட்டிபோல முனகிக்கொண்டு கிளம்பியது.

"எறங்குடா!" என்று அவனை இறக்கிவிட்டு ரெஜினா ஏறினார். கேள்வி வந்தது. ஹாரன் அடித்தது. அவர் முகம் சிவந்துபோயிற்று. "அவன் உக்காந்த தினுசைப் பாத்து எனக்கே சந்தேகமாப் போச்சும்மா."

பூங்கோதை ஸ்குரூ டிரைவரைக் காதில் செருகிக்கொண்டாள். நேர்மையாகச் சம்பாதித்தவன், அடுத்தவர் தயவில் இருப்பவன், கடவுளுக்குப் பயந்தவன் எல்லாரையும் வெளியே நிறுத்திவிட்டு, வெட்கமில்லாதவனுக்கு மட்டும் கதவைத் திறந்துவிடும் பூட்டு ஒன்றைத் தன் குரலிலேயே செய்து வைத்திருக்கிறாள்.

"உனக்கு மனசு உறுத்தவே உறுத்தாதா?" என்று குணசீலனைக் கேட்டாள்.

"எதுக்குங்க உறுத்தோணும்? தொட்டதும் என்னுதாயிருதுங்க. சின்ன வயசுல இருந்தே அப்படித்தான்." ரெஜினா இறங்கியதும் அவன் கை மறுபடி கைப்பிடிமேல் போயிருந்தது. சோதித்துப் பார்க்க அவள் பெட்டியோடு இணைத்திருந்த விளக்கு பச்சையாக எரிந்தது.

"சரி, எடுத்துட்டுப் போன வண்டியத் திருப்பிக் கொண்டாந்து விட்ருவியா?"

"அட எதுக்குங்க்கா?" என்று குணசீலன் வாய்விட்டுச் சிரித்தான். பச்சை அணைந்து சிவப்பு எரிந்தது.

பூங்கோதை அந்தச் சிவப்பையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு காதிலிருந்த ஸ்குரூ டிரைவரை எடுத்துப் பையில் போட்டாள்.

மறுநாள் புதுக் கேள்வியைப் பதிவு செய்தாள். "ஏனுங்க, வண்டியத் திருப்பிக் கொண்டாந்து விட்ருவீங்களா?" சொந்தக்காரன், கடன் வாங்கினவன், பாதிரியார், மருமகன், எல்லாருக்கும் நெஞ்சைத் தொட்டு ஆமாம் சொல்லக்கூடிய கேள்வி. திருடன் ஒருவனால் மட்டும் முடியாது. நினைக்க நினைக்க அவளுக்கே தன்மேல் பெருமையாக இருந்தது. முதலில் மாட்ட வேண்டியது யார் வண்டிக்கு என்பதில் சந்தேகமே இல்லை.

நாச்சிமுத்து முகூர்த்தம் பார்த்து வண்டியோடும் மகளோடும் மருமகனோடும் வந்தார். ஹாரன் அடித்ததைப் பார்த்த தெரு, இதையும் பார்க்கட்டும் என்று பேக்கரிக்காரரையும் கையோடு கூப்பிட்டு வந்து நிறுத்தினார். சபரிநாதன் அன்று ஈரோட்டுக்குப் போக வேண்டியிருந்தது, மில் மோட்டாருக்கு ஒரு பாகம் வாங்க. முதுகில் ஒரு பை மாட்டியிருந்தான்.

"பயப்படாம உக்காருங்க தம்பி. சுலபமான கேள்விதான்" என்றாள் பூங்கோதை.

சபரிநாதன் சாவியைத் திருப்பினான்.

"ஏனுங்க, வண்டியத் திருப்பிக் கொண்டாந்து விட்ருவீங்களா?"

  ஹாரன் அலறியது.

இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை. பூங்கோதை ஒயரைத் தொட்டுப் பார்க்கவும் இல்லை. நாச்சிமுத்து மட்டும், "இதும் ரிப்பேரா அம்மணி?" என்றார். தாரணி கிட்டே வந்து, புருஷன் முதுகிலிருந்த பையின் ஜிப்பைத் திறந்து பார்த்தாள். மடித்த சட்டைகள், ஷேவிங் செட், ஓசூர்க் கம்பெனியின் பழைய நீலச் சட்டை.

"ஏனுங்க, இதென்ன?" என்றாள்.

சபரிநாதன் ஹாரனை நிறுத்தினான். "திரும்பக் கூப்புட்டாங்க தாரணி. பழைய வேலை. வண்டிய ஈரோடு ஸ்டேஷன்ல விட்டுட்டு அங்கிருந்து மாமாவுக்குப் போன் பண்ணலாம்னு... நேர்ல சொன்னா போக விடமாட்டாரு. கோவிச்சுக்கக்கூட மாட்டாரு. இன்னொரு தடவ நெய் ஊத்துவாரு."

"அப்ப நானு?"

"ரூம் பாத்துட்டுக் கூப்பிடலாம்னு இருந்தேன்."

"என்னையக் கேக்கோணும்னு தோணுல. உங்களுக்கு மேல இந்த வண்டி தேவலாமுங்க, ஒரு வார்த்தை கேட்டுப்போட்டுத்தான் எதையும் செய்யுது!" அவளுக்குக் கோபத்தில் கண் கலங்கியிருந்தது. அவன் முதுகுப் பையை உருவித் தன் தோளில் போட்டுக்கொண்டாள். "எறங்குங்க. பஸ்ல போலாம்."

"தாரணி..." என்றார் நாச்சிமுத்து.

"அப்பா, போயிட்டு வாரோமுங்க. என்ற துணிய எல்லாம் அப்பறம் வந்து எடுத்துக்கறேன். மாத்திரை சாப்புடுங்க."

இரண்டு பேரும் சத்தி ரோட்டில் பஸ் ஸ்டாண்டைப் பார்த்து நடந்தார்கள். கொஞ்ச தூரம் முன்னும் பின்னுமாக. பிறகு அவள் ஏதோ சொல்லி அவன் தோளில் ஒரு அடி வைத்தாள். அதற்கப்புறம் சேர்ந்தே நடந்தார்கள்.

நாச்சிமுத்து கடை ஸ்டூலில் உட்கார்ந்தார். பேக்கரிக்காரர் மெல்ல நகர்ந்துவிட்டார். பூங்கோதை அவர் பக்கத்தில் வந்து நின்றாள். "மன்னிச்சுக்குங்க மாமா, என்ற பொட்டிதான்..." என்றாள்.

"பொட்டிய ஏன் அம்மணி சொல்ற. அந்தப் பையன் ஒருநாளும் இது வேணும்னு கேட்டதில்ல. அடக்கமான பையன்னு ஊரெல்லாம் பெருமையாச் சொல்லிட்டிருந்தேன்." துண்டால் முகத்தைத் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தவர், திடீரென்று எழுந்து போய் வண்டியில் ஏறிச் சாவியைத் திருப்பினார்.

"ஏனுங்க, வண்டியத் திருப்பிக் கொண்டாந்து விட்ருவீங்களா?"

ஹாரன் அலறியது.

"அட என்ற வண்டிக்கு நானே பதில் சொல்லோணுமா?" என்று கத்திவிட்டு மறுபடி திருப்பினார். மறுபடி ஹாரன். மூன்றாவது தடவை கைப்பிடியை ஓங்கிக் குத்தினார்.

"மாமா, எங்கீங்க போறீங்க?" என்றாள் பூங்கோதை.

"பஸ்ஸு கெளம்பறதுக்குள்ள போயி இதை அவங்கிட்டக் குடுத்துப்போட்டு வாரேன். அவன் பேருக்கே எழுதித் தந்தர்றேன், ஓசூர்ல வெச்சு ஓட்டட்டும். நான் நடந்து வந்துக்கறேன். அதுக்கு இந்தச் சனியன் எதுக்கு அலறுது?"

பூங்கோதை அவரைப் பார்த்தாள், வண்டியைப் பார்த்தாள். திருடுகிறவன் திருப்பிக் கொண்டுவர மாட்டான். மனசாரக் கொடுக்கப் போகிறவனும் திருப்பிக் கொண்டுவர மாட்டான். இந்த இரண்டு பேரையும் பிரித்துச் சொல்லும் சில்லு அவளிடம் இல்லை. இருந்தாலும் அதற்கு என்ன கேள்வி கேட்பது என்று தெரியவில்லை.

"காலைத் தூக்குங்க மாமா" என்றாள். சீட்டைப் பிடுங்கிக் கீழே போட்டாள். பெட்டியைப் பிடுங்கிவிட்டு, கட்டரை எடுத்துத் தான் போட்ட ரிலேயின் இரண்டு பக்கமும் வெட்டினாள். முனைகளைப் பல்லால் உரித்து முறுக்கி, டேப் சுற்றிவிட்டாள். வண்டி ஒரு கேள்வியும் கேட்காமல் கிளம்பியது. சீட்டை மாட்டும் வரைகூட நாச்சிமுத்து நிற்கவில்லை. டேங்கின்மேல் ஏறி உட்கார்ந்தபடியே வேட்டி பறக்கப் போய்விட்டார்.

வெயில் தாழ்ந்தபோது டவுன் பஸ்ஸிலிருந்து இறங்கிக் கடைக்கு வந்தார். தலையெல்லாம் புழுதி. சீட்டைக் கேட்டு வாங்கி மடியில் வைத்துக்கொண்டார்.

"புடிச்சீங்களா மாமா?"

"கவுந்தப்பாடி தாண்டித்தான் புடிச்சேன். பஸ்ஸ மறிச்சு நிறுத்தி, எறக்கி, சாவியக் கையில குடுத்தேன்."

"வாங்கிக்கிட்டாருங்களா?"

"வாங்கினாரு. ஏறி உக்காந்தாரு. உக்காந்ததும் அம்மணி, நடுரோட்டுல வெச்சு என்னைப் புடிச்சு ஒரு திட்டு!" நாச்சிமுத்துவின் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷத்தை அவள் பார்த்ததே இல்லை. "'சீட்டு எங்கீங்க மாமா? டேங்குல பெட்ரோல் சொட்டுக்கூட இல்ல, கிளட்ச்சைத் தேச்சு வெச்சிருக்கீங்க, என்ற வண்டிய இப்படியா ஓட்டிட்டு வருவீங்க?'ங்கறாரு!"